எண்ணும் வெள்ளியும்: தரச்சான்று நாணயத்தை ரசிப்பது எப்படி?

அமெரிக்க நாணயச் சந்தையில் ஓரளவு விலையுள்ள நாணயங்கள் பெரும்பாலும் கெட்டியான, ஒளிபுகும் பிளாஸ்டிக் கூட்டுக்குள்தான் கைமாறுகின்றன. சேகரிப்பாளர்கள் அந்தக் கூட்டை ஸ்லாப் என்கிறார்கள். அதன் மேல்பாகத்தில் ஒரு சீட்டு இருக்கும். ஆண்டு, அச்சுச்சாலையின் எழுத்து, எம்எஸ்-65 அல்லது ஏயு-58 என்பது போன்ற தரக்குறி, அந்த நாணயத்துக்கே உரிய பதிவு எண் ஆகியவை அதில் அச்சாகியிருக்கும். எம்எஸ் என்பது புழக்கத்துக்கே போகாத நாணயம். ஏயு என்பது மிகக் கொஞ்சமாகப் புழங்கியது. ஒரே தரக்குறி உள்ள இரண்டு நாணயங்கள்கூட, கூட்டை மூடி முத்திரையிட்ட நிறுவனம் எது என்பதைப் பொறுத்து வேறுவேறு விலைக்குப் போகும்.

ஒன்றிலிருந்து 70 வரை போகும் இந்த எண்வரிசை விலைக் கணக்காகத்தான் தொடங்கியது. வில்லியம் ஷெல்டன் ஆரம்பகால அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளைப் பற்றி 1949-ல் ஒரு நூல் வெளியிட்டார். இன்ன நாணயம் என்று அடையாளம் மட்டும் தெரியுமளவு தேய்ந்த சென்ட்டின் விலை ஒரு பங்கு என்றால், குறையே இல்லாத சென்ட்டின் விலை 70 பங்கு என்பது அவர் போட்ட கணக்கு. சந்தை அந்த விகிதத்தைச் சீக்கிரமே மீறிப் போய்விட்டது. எண்கள் மட்டும் தங்கிவிட்டன. 1970-களில் அமெரிக்க நாணயவியல் சங்கம் அவற்றை மற்ற நாணயங்களுக்கும் விரித்துக்கொண்டது. ஷெல்டன் ஓர் உளவியலாளர். நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் கழகத்துச் சேகரிப்பில் இருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்தவர் அவர் என்பது அவர் இறந்த பிறகு அம்பலமானது. தரத்தின் அருமை தெரிந்தவர்தான்.

தரக்குறியைப் படிக்கப் பழகுவதற்கு மோர்கன் டாலரைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. 1878 முதல் 1904 வரையிலும் மறுபடி 1921-லும் அச்சான இந்த வெள்ளி டாலர் 38.1 மில்லிமீட்டர் விட்டமும் 26.73 கிராம் எடையும் கொண்டது. நல்ல அகலம் இருப்பதால் குறைகள் ஒளிய இடமில்லை. இதில் பல கோடி நாணயங்கள் யார் கைக்கும் போகாமல், ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பட்டு அரசு கருவூலத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. அதனால் புழக்கத்தில் தேயாத நாணயத்தில்கூட, பைக்குள் ஒன்றோடொன்று மோதிய வடுக்கள் இருக்கும். முன்புறத்தில் உள்ள சுதந்திர தேவியின் வழவழப்பான கன்னத்தில் விழுந்த ஒரு வெட்டு தரத்தைப் பெரிதும் இறக்கும். அதே அளவு வெட்டு கூந்தல் சுருளுக்குள் விழுந்தால் அவ்வளவாக உறுத்தாது.

பார்ப்பதற்கு ஒரே ஒரு குண்டு விளக்கு போதும். பரவலான குழல்விளக்கு வெளிச்சத்தில் மேற்பரப்பின் குணம் தெரியாது. நாணயத்தை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், புழங்காத வெள்ளியில் ஒளிக்கற்றைகள் நடுவிலிருந்து ஆரங்களாகப் பிரிந்து வட்டமாகச் சுற்றி வரும். அச்சடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடியதால் உண்டான நுண்வரிகள்தான் இந்த மினுக்கத்துக்குக் காரணம். காதுக்கு மேலுள்ள கூந்தலிலும் பின்புறக் கழுகின் மார்பிலும் அந்த ஒளி அறுபட்டுச் சாம்பல் திட்டாக மங்கினால், அங்கே தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் அச்சுச்சாலையில் சில ஆண்டுகள் அச்சு சரியாகப் பதியவில்லை. அந்த நாணயங்களில் காதோரக் கூந்தல் பிறவியிலேயே மழுங்கியிருக்கும். ஆனால் மினுக்கம் அறுபடாது. 1881-ல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான டாலர் கூர்மையான பதிவுக்குப் பேர்போனது, மலிவாகவும் கிடைப்பது. அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தேய்மானத்துக்கும் மங்கல் பதிவுக்கும் உள்ள வித்தியாசம் சீக்கிரம் பிடிபடும்.

இந்த அளவுகோலின் விசித்திரமான இடம் 58-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கிறது. கன்னமெல்லாம் வெட்டுப்பட்டு, மினுக்கம் மங்கிக் கிடந்தாலும், புழங்கவில்லை என்ற ஒரே தகுதியால் ஒரு டாலர் எம்எஸ்-60 ஆகிவிடும். வடுவே இல்லாமல் அழகாக இருக்கும் டாலர், கூந்தல் நுனியில் இம்மி தேய்ந்ததால் ஏயு-58-இல் நின்றுவிடும். கண்ணை நம்பி வாங்குகிறவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். இந்த எல்லைக்கோடு எல்லா நாணயத்துக்கும் ஒரே கனமுடையதல்ல. சான் பிரான்சிஸ்கோவின் 1884 டாலர் தேய்ந்த நிலையில் எளிதாகக் கிடைக்கும், புழங்காத நிலையில் மிக அரிது. ஒரு நிறுவனம் ஏயு-58 என்பதை மற்றொன்று எம்எஸ்-61 என்றுவிட்டால், விலை பல மடங்கு தாவும்.

நிறுவனங்களுக்கு இடையே உள்ள ஒப்பீடு இங்கேதான் சூடு பிடிக்கிறது. மூத்தது அனாக்ஸ். அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972-ல் அசல், போலி பிரித்துச் சொல்வதற்காக அதைத் தொடங்கியது. தரம் எழுதுவது 1979-ல் சேர்ந்தது. 1990-ல் அது தனியாருக்குக் கைமாறியது. பிசிஜிஎஸ் 1986-ல் கலிஃபோர்னியாவிலிருந்து நாணயங்களுக்குத் தரம் தரத் தொடங்கியது. சீலிட்ட கூடு, தவறினால் ஈடு என்ற இரண்டையும் சேர்த்து வைத்ததால், வாங்குபவர் நாணயத்தை நேரில் பார்க்காமலே பணம் கொடுக்கும் பழக்கம் வந்தது. அதன் தொடக்கக் குழுவில் இருந்த ஜான் அல்பனீஸ் 1987-ல் என்ஜிசியைத் தொடங்கினார். 1998-ல் வந்த ஐசிஜி கட்டணத்தில் மலிவு, சந்தை மதிப்பிலும் கீழேதான். அமெரிக்க நாணயங்களில் பிசிஜிஎஸ் கூடு பொதுவாகக் கொஞ்சம் அதிக விலை பெறுகிறது. பிற நாட்டு நாணயங்களிலும் பண்டைய நாணயங்களிலும் என்ஜிசியின் கை ஓங்கியிருக்கிறது.

சீட்டுகளின் மொழியும் வேறுபடும். ஒரு தரத்தின் மேல்நுனியில் இருப்பவற்றுக்கு பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் 2010 முதல் கூட்டல் குறி தருகின்றன. தரம் எதுவானாலும் கண்ணைக் கவரும் அழகுக்கு என்ஜிசி ஒரு நட்சத்திரம் சேர்க்கும். இயற்கையாக நிறமேறிய வெள்ளியை ரசிப்பவர்கள் தேடுவது அதைத்தான். துடைத்துத் தேய்த்த நாணயத்துக்கு எண் கிடைக்காது. ‘விவரம்’ என்ற பொருளில் டீட்டெய்ல்ஸ் என்று எழுதிக் குறையைச் சொல்லிவிடுவார்கள்.

எல்லாத் தரமும் மனிதக் கண்ணின் தீர்ப்புதான். ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால் மதிப்பெண் எப்படி மாறுமோ அப்படித்தான் இதுவும். உரிமையாளர் யார் என்று தெரியாமல் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே பார்ப்பது அந்த வேறுபாட்டைக் குறைக்கிறது, ஒழிப்பதில்லை. தரமதிப்பீட்டின் நடுநிலையை விளம்பரத்தில் மிகைப்படுத்தியதாக 1990-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் பிசிஜிஎஸ் மீது குற்றம் சாட்டியது. அது சமரசத்தில் முடிந்தது. தரங்களில் வரும் அந்த வேறுபாட்டை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது. கூட்டை உடைத்து நாணயத்தை வெளியே எடுத்து, ஒரு படி ஏறாதா என்று திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பார்கள். கீழே இறங்கியவை மறுபடி உடைக்கப்படும், ஏறியவை அப்படியே நிற்கும். காலப்போக்கில் தரங்கள் தளர்ந்துவிட்டன என்று சேகரிப்பாளர்கள் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். 1980-களின் கடைசியில் வந்த, உள்ளே நாணயம் கடகடக்கும் பிசிஜிஎஸ் கூடுகளையும், பின்னர் வந்த பச்சைச் சீட்டுக் கூடுகளையும் உடைக்காமல் வாங்கி வைத்துக்கொள்பவர்கள் அந்தக் காலக் கறாரான தரத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

இந்தத் தளர்வுக்கு அல்பனீஸ் சொன்ன பதில் சிஏசி. 2007 முதல் அது பிசிஜிஎஸ், என்ஜிசி கூடுகளை மறுபரிசீலனை செய்து, சீட்டில் உள்ள தரத்துக்கு உறுதியாக நிற்கும் நாணயத்துக்குப் பச்சை ஒட்டுவில்லையும், அதைவிட மேலான தரம் தகும் என்றால் தங்கநிற ஒட்டுவில்லையும் தருகிறது. ஒட்டுவில்லை விழுந்ததும் விலை ஏறும். 2023-ல் சிஏசி தானே கூட்டில் அடைத்துத் தரம் தரவும் தொடங்கியது.

பண்டைய நாணயங்களுக்கு 70-இன் கணக்கு ஒத்துவராது. கையால் அடித்த காசில் அச்சு நடுவில் விழுவதே அதிர்ஷ்டம். என்ஜிசி அவற்றின் தேய்மானத்தைச் சொல்லால் குறித்து, பதிவுக்கும் மேற்பரப்புக்கும் தனித்தனியே ஐந்துக்கு இத்தனை என்று புள்ளி தருகிறது. இந்தியச் சேகரிப்பாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. 100 ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே சோழர் காசையோ விக்டோரியா ரூபாயையோ தரம் பார்க்க அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்பும் வழி அடைபட்டிருக்கிறது.

போலி நாணயங்களோடு போலிக் கூடுகளும் சந்தையில் உலவுகின்றன. வாங்கும் முன் பதிவு எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்கே படம் இருந்தால் கன்னத்து வடுக்களை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். போலிக் கூடு செய்பவர்கள் உண்மையான எண்ணையே நகலெடுப்பதால், எண் பொருந்தினாலும் வடுக்கள் பொருந்தவில்லை என்றால் அதை வாங்கக் கூடாது.