மீனாட்சியம்மையின் பாடல்கள்: மலையக நாட்டார் வடிவமும் அதன் சார்பும்

மலையகத் தமிழரின் பாடல் மரபை ஆராயப் புகுவோர் மாத்தளையிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிந்தியக் கிராமங்களை விட்டுப் புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர், தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மலைநாட்டின் வாயிலாகக் கண்ட நகர் மாத்தளையே. பசியாலும் கொள்ளை நோயாலும் வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் கொண்டுவந்து சேர்த்த உடைமைகளுள் பாடலும் ஒன்று. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் கும்மியும் மாசி மாதத்துக் காமன் கூத்தும் இவ்வாறே தோட்ட லயங்களில் வேரூன்றின.

இப்பாடல்களை அணுகும் நம் ஆய்வாளரிடையே ஓர் எண்ணம் ஆழப் பதிந்துள்ளது. நாட்டார் வடிவம் எதுவாயினும் அது மக்களின் குரலே என்பதே அவ்வெண்ணமாகும். வரலாறோ இதனை முழுமையாக ஏற்க இடந்தரவில்லை. மலையக இலக்கியத்தின் தொடக்ககால நூலாகக் கருதப்படும் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869ஆம் ஆண்டு வெளிவந்தது. கும்மி என்பது உழைக்கும் பெண்கள் கைகொட்டி ஆடிய வடிவம். ஆனால் அந்நூல் கோப்பிப் பயிர்ச்செய்கையின் முறைகளை விளக்கித் தோட்ட முதலாளித்துவத்தின் பெருமையையே எடுத்துரைத்தது. வடிவம் தொழிலாளருடையது, பார்வை துரைமாருடையது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் அதே 1869இல் என்பது வரலாற்றின் முரண் எனலாம்.

இதே நாட்டார் வடிவங்களை எதிர்த்திசையில் திருப்பியவர் மீனாட்சியம்மை. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் என்ற அளவிலேயே இவர் பெரிதும் குறிப்பிடப்படுகின்றார். இவ்வறிமுகம் உண்மையாயினும் போதுமானதன்று. 1924இல் தொடங்கிய ‘தேசபக்தன்’ பத்திரிகையில் பெண்களின் உரிமை குறித்து எழுதியவர் இவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென நடேசய்யர் சம்மேளனம் அமைத்த பின்னர், கூட்ட மேடைகளில் தாமே பாடல் புனைந்து தாமே பாடினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற இவருடைய பாடல் தொகுதி 1940இல் நூலுருப் பெற்றது.

மேடையில் பாட்டு ஏன் தேவைப்பட்டது? தோட்டம் அந்நாளில் மூடிய உலகம். அத்துமீறல் சட்டம் தொழிற்சங்கவாதியை வாயிலிலேயே தடுத்து நிறுத்தியது. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் புகுந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. எழுத்தறிவு பெற்றோர் மிகச் சிலராதலின் துண்டுப் பிரசுரமும் ஓரளவுக்கே பயன்பட்டது. மனிதன் நுழைய முடியாத இடத்தில் மெட்டு நுழைந்தது. ஒருமுறை கேட்ட பாடலைக் கொழுந்து மலைக்கு எடுத்துச் செல்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சிந்து போன்ற வடிவங்களையும் மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுகளையும் மீனாட்சியம்மை தேர்ந்தெடுத்தமைக்கு இதுவே காரணமாகும். இரவல் மெட்டு என்பதைக் குறையாகக் கூறுவோர் இப்பயன்பாட்டை மறந்துவிடுகின்றனர்.

இது நமக்கு மட்டும் உரிய அனுபவமன்று. சுவீடனிலிருந்து அமெரிக்காவிற் குடியேறி, 1915இல் மரணதண்டனைக்குள்ளான தொழிலாளர் கவிஞன் ஜோ ஹில், எல்லோருக்கும் பழக்கமான மெட்டுகளில் வேலைநிறுத்தப் பாடல்களை அமைத்தான். புழுதிப் புயலால் நிலமிழந்து மேற்கு நோக்கிப் பெயர்ந்த குடியானவரைப் பாடிய வூடி கத்ரியும் பழைய மெட்டுகளைத் தயக்கமின்றி எடுத்தாண்டான். அவனது புழுதிநிலப் பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்ததும் 1940ஆம் ஆண்டிலேயே. ஒருவரையொருவர் அறியாத இருவர் பெயர்ந்து வந்த உழைப்பாளரின் துயரை ஒரே முறையில் பாடினர் என்றால், அதற்குத் தாக்கக் கோட்பாடு தேவையில்லை. ஒத்த சமூக நிலைமையே போதிய விளக்கமாகும். வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. கத்ரியின் குரல் இசைத்தட்டில் நிலைத்தது. மீனாட்சியம்மையின் பாடலுக்கோ அச்சிட்ட சொல்லே எஞ்சியது.

மரபுவழித் தோட்டப் பாடல்களோடு ஒப்பிடும்போது மீனாட்சியம்மையின் தனித்தன்மை விளங்கும். மரபுப் பாடல் துயரைச் சொல்லும், கங்காணியை எள்ளும், சில வேளை விதியை நோகும். மீனாட்சியம்மையோ சட்டத்தையும் அரசியலையும் பாடலுக்குள் கொண்டுவந்தார். தொழிலாளியைக் கடனாற் பிணைத்து வைத்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. எனினும் ஏட்டிலுள்ள உரிமைக்கும் லயத்திலுள்ள வாழ்வுக்கும் இடைவெளி நீடித்தது. அவ்விடைவெளியே அவர் பாடல்களின் களம். புலம்பல் கோரிக்கையாக மாறிய இடம் அதுவே. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானமையை நினைவுகூர்ந்தால், அக்காலத்திற் கோரிக்கை எழுப்புவது எத்துணை ஆபத்தானது என்பது புலனாகும்.

எனினும் பாராட்டோடு அமைதல் விமர்சனமாகாது. நூலின் தலைப்பே அதன் எல்லையையும் காட்டுகின்றது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்ட சூழலில், ‘இந்தியர்’ என்ற அடையாளம் ஒரு கேடயமாகப் பயன்பட்டது இயல்பே. ஆயின் அக்கேடயமே பின்னர் பகைவர் கைக்கு ஆயுதமாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் தாயகம் திரும்புவோர் என்ற பெயரில் பல்லாயிரவர் தலைமன்னாருக்கு ஏற்றப்பட்டனர். உறவினர் அழுகுரலோடு புறப்பட்ட அந்த இரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. மாத்தளை வழியாக நடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் மீண்டும் மன்னார்க் கரைக்கே கொண்டுசெல்லப்பட்ட வேளை, மக்கள் நாவில் வந்த சொல் அவர்தம் பழைய பாடல் வடிவத்தின் பெயரே. இந்த மண் எமது என்று உரிமையோடு கூறும் குரல் மலையக இலக்கியத்திற் பின்னரே வலுப்பெற்றது.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். அதன்பின் மீனாட்சியம்மையின் மேடைக்குரலும் மலையக அரசியலிற் கேட்கப்படவில்லை. தலவாக்கலைத் தொகுதியின் முன்னாட் பாராளுமன்ற உறுப்பினரும் கவிஞருமான சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. பெயரற்ற பாடகரின் செல்வம் அதனாற் காக்கப்பட்டது. பெயரின்மையை நாட்டார் இலக்கியத்தின் பண்பாகப் போற்றுகின்றோம். ஆனால் பெயரறிந்த ஒரு பெண் படைப்பாளியைக் கணவர் வரலாற்றின் அடிக்குறிப்பாகச் சுருக்குவது அப்பண்பைப் போற்றுவதாகாது, மறதியே ஆகும்.

ஆதலின் செய்யவேண்டியன இரண்டு. மீனாட்சியம்மையின் பாடல்களை அரசியல் ஆவணமாக மட்டுமன்றி, பாடப்பட்டவையாகவும் ஆராய்தல் வேண்டும். எந்த மெட்டு, எந்த மேடை, எத்தகைய அவை என்ற வினாக்கள் இன்றியமையாதவை. அத்துடன் மாத்தளை மாவட்டத்து லயங்களிலுள்ள முதியோரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்கையில், அவற்றுள் மேடைப் பாடலின் மெட்டோ சொல்லோ கலந்துள்ளதா என்பதையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அச்சேட்டில் மட்டும் எஞ்சிய பாடகியின் குரலுக்கு மக்கள் நினைவிற் சுவடு உண்டோ என அறிய வேறு வழியில்லை. முதியோர் மறைவதற்கு முன் அதனைச் செய்தாக வேண்டும்.