விரல் நுனியில் ஓர் எண்: எவ்வளவு நம்பலாம்?

பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு அடிப்படையான யோசனை அபாரமானது. ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974-இல் அதை முன்வைத்தார். விரலின் ஊடே சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் செலுத்தினால் தோல், எலும்பு, சிரை ரத்தம் ஆகியவை ஏறக்குறைய மாறாத அளவில் உறிஞ்சும். தமனி ரத்தம் உறிஞ்சுவது மட்டும் நாடியோடு ஏறி இறங்கும். அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுத்து இரு ஒளிகளையும் ஒப்பிட்டால் ஆக்சிஜன் அளவு கிடைக்கும். ஊசி குத்தவே வேண்டாம்.

இந்தக் கணக்குப்படி தோலுக்கு நிறம் தரும் மெலனினும் துடிக்காத பகுதியோடு கழிந்துபோக வேண்டும். முழுவதும் கழிவதில்லை. கருவியில் ஒளி தரும் எல்.இ.டி. ஒற்றை அலைநீளத்தில் ஒளிர்வதில்லை. அதன் ஒளி சிறு பட்டையாகப் பரவுகிறது. மெலனின் பட்டையின் ஒரு பக்கத்தைக் கூடுதலாக விழுங்க, விகிதம் நகர்ந்துவிடுகிறது. திசுவில் ஒளி சிதறுவதால் சூத்திரத்தை மட்டும் நம்பி விடை காணவும் முடியாது. எனவே ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ஆக்சிஜனைக் குறைத்து, தமனி ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுத்தான் கருவியை அளவுதிருத்துகிறார்கள். யாருடைய விரல்களில்? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 2013 வழிகாட்டுதல் கேட்டது குறைந்தது 10 பேரை. கருந்தோல் உடையவர்கள் 2 பேர் அல்லது 15 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. இவ்வளவு மெலிந்த அடித்தளத்தில்தான் உலகம் முழுவதும் சிகிச்சை நடந்தது.

விளைவு 2020 டிசம்பரில் பகிரங்கமானது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில் கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோது, உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதத்திலும் வெள்ளையர்களின் அளவீடுகளில் 3.6 சதவீதத்திலும். பழைய பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வு இது. இனம் பதிவாகியிருந்ததே தவிர, தோல் நிறத்தை யாரும் அளக்கவில்லை. இதைச் சுட்டும் ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் 1990-இலும் 2005-இலும் வந்த ஆய்வுகள் இதே திசையைக் காட்டியிருந்தன. தற்செயல் என்று தள்ள முடியாது.

அதற்காகக் கருவியைத் தூக்கி எறிவது பெரும் தவறு. அது வருமுன் மருத்துவர்கள் உதடும் நகமும் நீலம் பாய்வதைத்தான் பார்த்தார்கள். கருந்தோலில் அந்த நீலம் இன்னும் தாமதமாகவே கண்ணில் படும். பிழையுள்ள கருவிகூடக் கண்ணைவிட மேல்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரே நோயாளியிடம் எண் இறங்குகிறதா என்று கண்காணிக்கும் காவலாளியாக இதை முழுமையாக ஏற்கிறேன். ஓர் எல்லைக் கோட்டை வைத்துச் சிகிச்சை உண்டா இல்லையா என்று முடிவுகட்டும் நீதிபதியாக ஏற்க மாட்டேன்; மூச்சுத்திணறல் இருந்தால் 95-ஐப் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது. கொரோனாக் காலத்தில் நம் வீடுகளிலும் இத்தகைய எண்களை வைத்தே மருத்துவமனைக்குப் போவதா என்று தீர்மானித்தோம். நம் மாநிறமும் கருநிறமும் அமெரிக்க ஆய்வுகளின் இரண்டு கட்டங்களுக்குள் அடங்குவன அல்ல.

எஃப்.டி.ஏ. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு, 150-க்குக் குறையாத பங்கேற்பாளர்களையும் தோல் நிறத்தை அளந்து பதிவதையும் கேட்கிறது. சரியான கோரிக்கை. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும், எத்தனை பேரிடம், எந்தெந்த நிறங்களில் சோதித்தார்கள், பிழை எவ்வளவு என்பதை அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.