குடத்துக்குள் கோள்கள்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவே அச்சைச் சுமந்து நிற்கும் மரத்துக்குக் குடம் என்று பெயர். ஆரக்கால்கள் அதிலிருந்து புறப்பட்டு வட்டையில் சென்று முடியும், வைக்கோற்கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மை அதன் உள்வாயில் தடவப்படும். கொல்லிமலையும் போதமலையும் அருகிருக்க மஞ்சள் விளையும் நாமகிரிப்பேட்டைச் சமவெளியில் இன்று ஓடும் மின்மிதிவண்டியின் ஹப், அந்தக் குடத்தின் வழித்தோன்றலே. பழைய குடத்துக்குள் அச்சும் மையும் மட்டுமே இருந்தன. இதற்குள்ளோ ஒரு சிறு கோள்மண்டலமே அடைபட்டிருக்கிறது.

கோள்மண்டலம் என்பது வெறும் உவமையன்று. நடுவில் நிற்கும் பற்சக்கரத்தைப் பொறியாளர் சூரியன் என்றும், அதைச் சுற்றி உருளும் சிறு சக்கரங்களைக் கோள்கள் என்றும், அவற்றை வெளியே சூழ்ந்து உட்புறம் பல் வெட்டிய வளையத்தை வளையச் சக்கரம் என்றும் அழைக்கின்றனர். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1936-இல் கொண்டுவந்த ஏ.டபிள்யூ. என்னும் மூன்று கியர் ஹப்பில் சூரியனுக்கு 20 பற்கள், கோள் ஒவ்வொன்றுக்கும் 20, வளையத்துக்கு 60. சூரியன் அசையாது நிற்க, கோள்களைத் தாங்கும் கூண்டைச் சங்கிலி சுழற்றி, வளையத்திலிருந்து சக்கரம் வேகத்தைப் பெற்றால் ஒரு சுற்று ஒன்றேகால் சுற்றுக்கும் சற்று மேலாக, அதாவது மூன்றில் நான்காக ஆகிறது; வளையத்தைச் சுழற்றிக் கூண்டிலிருந்து பெற்றால் முக்காலாகக் குறைகிறது; இரண்டுக்கும் இடையே சங்கிலிப் பல்லின் வேகமே சக்கரத்தின் வேகமாகிறது. புதிதாக ஒரு பல்லும் சேர்க்காமல், எது ஓட்டுவது, எது ஓடுவது என்பதை மட்டும் மாற்றி மூன்று நடைகளைப் பெற்ற இந்தச் சிக்கனமே இக்கைவினையின் அழகு. நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளில் ஹப் ரிடக்ஷன் அச்சுகளைக் கழற்றிப் பழகிய மெக்கானிக்குக் கனரக வண்டியின் சக்கரத்துக்குள் இதே குடும்பம் அறிமுகமானதுதான்; அளவுதான் வேறு.

மிதிக்கும் காலுக்காகச் செய்த இந்தப் பொறியின் மேல் மோட்டாரின் விசையும் ஏறியபோதுதான் நம்பகம் ஒரு கேள்வியாயிற்று. 60 கிலோ எடையுள்ளவர் 17 சென்டிமீட்டர் மிதிக்கோலின் மேல் எழுந்து நின்றால் அச்சில் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை பிறக்கிறது. ஆனால் அது காலின் ஒவ்வொரு தாழ்விலும் எழுந்து அடங்கும். மிதியச்சில் பொருத்தும் மோட்டாரோ, சில வகைகளில் 85 நியூட்டன் மீட்டர் வரை, சலிக்காமல் தருகிறது. இந்தச் சுமையைக் குறைக்கும் வழி எளியது: முன்பல் 44-ம் பின்பல் 22-ம் ஆனால் ஹப்பை அடையும் முறுக்கு பாதியாகிறது, பின்பல்லைப் பெரிதாக்கினால் ஏற்றம் இலகுவாகும், ஆனால் அந்த இலகுவுக்கு உள்ளிருக்கும் பற்களே விலை கொடுக்கின்றன. முன்சக்கரத்தில் மோட்டார் இருந்தால் இத்தொல்லையே இல்லை. அதன் விசை பின் ஹப்பின் கியர்களைத் தொடுவதில்லை.

இந்தியச் சந்தையில் மிகுதியாகக் கிடைப்பவை பின் ஹப்புக்குள்ளேயே மோட்டார் அடங்கிய வண்டிகள். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட இவற்றுக்குப் பதிவு தேவையில்லை. இவற்றில் பலவற்றினுள்ளும் கோள்கள் உண்டு. ஆனால் அவை கியர் மாற்றுவதற்கல்ல, வேகமாகச் சுழலும் மோட்டாரைச் சக்கரத்தின் நடைக்குத் தணிப்பதற்கு. அவற்றைப் பெரும்பாலும் நைலானில் செய்வதைக் குறையாகக் கருதுவோர் உண்டு. ஓசையை அடக்குவதும் நைலான்தான், மிகைச்சுமையில் தான் தேய்ந்து மற்றவற்றைக் காப்பதும் அதுவே. ஜெர்மனியின் ரோலோஃப் நிறுவனம் 14 கியர் ஹப்பில் முறிவதற்கென்றே நைலான் ஊசிகளை வைத்திருப்பதும் இதே அறிவுடைமைதான்.

கியர் ஹப்பைக் கெடுப்பது தூரத்தைவிட அவசரமே. விசை பாயும்போது கியரை மாற்றினால் பற்களைப் பிணைக்கும் கொக்கிகள் பாதி பொருந்தியும் பாதி பொருந்தாமலும் நின்று முனை மழுங்குகின்றன. ஆகவே மாற்றும் கணத்தில் மிதிப்பதையும் மோட்டாரையும் அரை நொடி ஓய்த்தல் வேண்டும். கியர் மாற்றும் கம்பியின் இழுவை சிறிது பிசகினாலும் பொருத்தம் தவறும். எட்டுக் கியர் கொண்ட ஷிமானோ நெக்ஸஸ் வகையில் நான்காம் கியரில் இரண்டு மஞ்சள் கோடுகள் நேர்படுகின்றனவா என்று பார்ப்பதே சோதனை. மஞ்சள் ஊருக்கு இது மறக்காது.

செவியும் ஒரு கருவி. நாதஸ்வர மேதை கிருஷ்ணன் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஊரில் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை: ஏ.டபிள்யூ. ஹப் இரண்டாம், மூன்றாம் கியர்களில் மெல்ல டிக்டிக்கென்று ஒலிக்கும், முதல் கியரில் அமைதியாயிருக்கும். நைலான் கோள்களின் சீரான ரீங்காரத்தில் சுற்றுக்கொரு முறை தட்டல் கேட்டால் ஒரு பல் போயிற்று என்று பொருள்.

எண்ணெய் விஷயத்தில் பொதுவிதி இல்லை. பழைய ஸ்டர்மி-ஆர்ச்சருக்கு மூடி திறந்து விடும் சில சொட்டு மெல்லெண்ணெய், ரோலோஃபுக்கு 5,000 கிலோமீட்டருக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை எண்ணெய் மாற்றம், நைலான் கோள்களுக்கு அதற்கேற்ற கிரீஸ் எனத் தேவை வேறுபடும். சைக்கிள் கடை வழக்கப்படி மண்ணெண்ணெயில் கழுவி ஓவராயில் செய்வது மோட்டார் ஹப்புக்குக் கேடு. வாட்டர் சர்வீஸின் அழுத்த நீர் அதைவிடப் பெரிய கேடு. மோட்டார் அச்சு சுழன்றுவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் தகட்டையும் நட்டுகளையும் அவ்வப்போது இறுக்காவிட்டால், அச்சு திரும்பி மின்கம்பியை அறுத்துவிடும்.

நாமகிரிப்பேட்டையின் சமதரைக்கு முன்சக்கர மோட்டாரும் பின்னால் மூன்று கியர் ஹப்புமே தாராளம். எட்டும் பதினான்கும் அடிவாரக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏற நினைப்பவருக்குத்தான் வேண்டும்.