பஞ்சாலைத் தூசியும் ஓர் அளவுகோலும்

கோவை வட்டாரத்து நூற்பாலை ஒன்றினுள் நுழைந்தால் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளை நீங்கள் காணலாம். காற்று வறண்டால் உராய்வினால் இழைகளில் நிலைமின்னேற்றம் தங்கும், நூல் அறும். எனவே ஒப்பு ஈரப்பதத்தை 55 முதல் 60 விழுக்காடு வரை வைத்துக் காக்கின்றனர். நூலுக்கு இவ்வளவு கவனம்! அதே காற்றைச் சுவாசிக்கும் மனிதருக்கு?

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் பிஸினோசிஸ். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மார்பு இறுகும், மறுநாள் தணியும். ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாட்களும் அப்படியே ஆகிவிடும்.

இத்தூசிக்கு அமெரிக்கா 1978-இல் ஓர் அளவுகோல் வகுத்தது. நூற்புப் பிரிவில், 8 மணி நேரச் சராசரியாக, கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம். அளக்கும் கருவி செங்குத்து எலூட்ரியேட்டர். இதன் இயற்பியல் அழகானது. குழாயினுள் காற்று நொடிக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வேகத்தில் மேலேறுகிறது. 15 மைக்ரான் அளவுள்ள துகள் கீழே விழும் வேகமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே பெருந்துகள்கள் விழுந்துவிட, நுண்தூசி மட்டும் மேலே சென்று வடிதாளில் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் பஞ்சிழையை இக்கருவி பொருட்படுத்துவதில்லை. மூச்சுக்குழலினுள் இறங்கவல்லதையே எடை போடுகிறது. (முகத்தில் துண்டு கட்டினால் போதும் என்பாரும் உண்டு. துண்டு தடுப்பது பெரும்பாலும் அந்தப் பஞ்சிழையைத்தான்!)

ஆனால் எடை மட்டும் போதுமா? பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சினே நோய்க்கு முக்கியக் காரணம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஒரே எடையுள்ள இரு தூசிகளில் இந்நஞ்சு வெவ்வேறு அளவில் இருக்கக்கூடும். கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஆலைகள் மிகுந்த நம் கொங்குநாட்டில் இதைச் சிறு குறையென ஒதுக்க முடியாது.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இந்நோயை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நல்ல ஏற்பாடுதான். எனினும் அது மருத்துவர் கேட்கும் ஒரு கேள்வியை நம்பி நிற்கிறது. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்கி உழைத்துவிட்டு ஊர் திரும்பிய பெண் இருமலோடு வருகிறாள். “முன்னே எங்கேயம்மா வேலை பார்த்தாய்?” என்று அவர் கேளாவிடில், சீட்டில் ஆஸ்துமா என்றே எழுதப்படும், ஆலைக் கணக்கில் அவள் சேரமாட்டாள்.