வந்த வழியும் பாடிய வழியும்

இலங்கையின் கரவனெல்ல, எட்டியாந்தோட்டை, தெகியோவிட்டப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களுக்கு நம்மவர் பலர் தமிழகத்திலிருந்து வந்து சேர்ந்தது மண்டபம் முகாம், தலைமன்னார், ரயில் என்ற வழியில். அதற்கு முந்திய கோப்பிக் காலத்தவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தார்கள். புறப்பட்டவர் யார், வந்து சேர்ந்தபோது அவர் யாராக இருந்தார் என்ற கேள்விதான் மலையகப் பாடலின் உயிர் என்று நான் கருதுகிறேன். பாட்டின் தரத்தையும் அதைக்கொண்டே அளக்க வேண்டும்.

வாய்மொழி மரபே இதில் மூத்தது. தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி எல்லாம் அதில் அடங்கும். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை 1983இல் தொகுத்துத் தந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இல்லையென்றால் இவற்றில் எத்தனையோ நம் கைக்கு வந்திரா. உழைத்த மலையும் அண்ணனைப் பறிகொடுத்த மலையும் ஒன்றே என்று ஒரு பெண் பாடும் புகழ்பெற்ற பாட்டை எண்ணிப் பாருங்கள். அவள் அழுகிறாள், அந்த அழுகையிலேயே அயல்மலை அவளுடையதாகிவிடுகிறது. பிறந்த ஊரை நினைத்து ஏங்கும் பாடல்களைவிட இதை நான் உயர்த்திச் சொல்வேன்.

அச்சேறிய கும்மியும் சிந்தும் வேறொரு வழி. ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' (1869) பயிர்த்தொழிலைத் துரைமார் பக்கம் நின்று சொல்கிறது. உழைத்தவர் மனம் அதில் இல்லை. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடியபோதுதான் சிந்து நம்முடையதாயிற்று. தனியாள் துயரம் அங்கே ஒரு மக்களின் உரிமைக் குரலானது.

இன்னொரு வழி கூத்து. மாசி மாதக் காமன் கூத்தில் ரதி தடுத்தும் மன்மதன் புறப்பட்டுப் போய்ச் சிவனால் எரிகிறான். தப்பு முழங்க ரதி புலம்பும்போது, பிரிவை அறிந்த தோட்ட லயத்துச் சனங்கள் தங்கள் கதையையே கேட்கிறார்கள்.

பிரிவைப் பாடியவர்கள் நாம் மட்டுமல்ல. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இத்தாலியரும், இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியின் நெல்வயல்களில் களையெடுத்த பெண்களும் பயணத்தையும் உழைப்பையும் இப்படியே பாட்டாக்கினார்கள். அந்தப் பாடல்களை அங்கே தேடித் தொகுத்தார்கள்.

நம் தொகுப்புகளிலோ தேயிலைக் கொழுந்து மலையின் குரலே ஓங்கியிருக்கிறது. கொழுந்து பறிப்பது நிரையாக நின்று செய்யும் வேலை. இறப்பர்ப் பால் வெட்டுவது அப்படியன்று. விடியலில் பால் நன்றாக ஓடும் என்பதால், இருள் பிரியும் முன்பே அவரவர் தம் மரங்களுக்கிடையே தனியாக நடக்க வேண்டும். மழை வந்தால் வெட்டு நின்றுவிடும். அந்தத் தனிமையில் முணுமுணுத்த பாட்டு கூட்டுப் பாட்டைவிட உள்முகமாகத்தான் இருந்திருக்கும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் முதியவர்களிடம் அந்தப் பாடல்களை இன்றே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பாட்டோடு பாடிய வேளை, பார்த்த வேலை, தோட்டத்துக்கு நம்மவர் வைத்த தமிழ்ப்பெயர் ஆகியவற்றையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.