விற்பவருக்கும் தறி தெரியும்

காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கப் போனால், காந்தி ரோட்டுப் பெருங்கடைகளைத் தாண்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டுக்கோ போங்கள். அங்கே விற்பவர் பெரும்பாலும் தறியை அறிந்தவர். கேட்குமுன்பே புடவையைத் திருப்பிப் போட்டு, கரையும் உடலும் பல்வரிசைபோல் கோத்திருக்கும் கோர்வையைக் காட்டுவார். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் தனித்தனி நாடா. மூன்றையும் ஓட்டி நெய்தது. சரிகையைக் கொஞ்சம் பிரித்தால் உள்ளே சிவப்புப் பட்டிழை. அதன்மேல் வெள்ளி, வெள்ளிமேல் பொன்முலாம். காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தும், அந்தப் பெயரில் விசைத்தறிப் புடவை விற்பது நிற்கவில்லை. அடுக்கடுக்காய் விரித்துக் காட்டும் பெருங்கடையில் குளிர்பானம் தருவார்கள், உபசாரத்துக்குக் குறைவில்லை. இந்தப் புடவை எந்தத் தெருத் தறியில் இறங்கியது என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.