குழாயும் துணியும் போல்ட்டும்: அடடா, என்ன விமானம் அது!

கட்டுநாயக்கவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெரிய விமானங்களைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நான் சொல்லப்போவது இரண்டே பேர் உட்காரும் ஒரு குட்டி விமானத்தைப் பற்றி. பேர் எக்ஸ்-ஏர். பெங்களூர் ஜக்கூர் ஓடுதளத்தில் அதைப் பார்த்த நிமிஷத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு பேச்சை நிறுத்தவே முடியவில்லை. வீட்டில் எல்லாருக்கும் சொல்லியாச்சு, பசறை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவருக்கும் சொல்லியாச்சு. இனி உங்கள் முறை.

பக்கத்தில் போய்ப் பார்க்கணும் அதை! மறைத்து வைத்தது என்று ஒன்றுமே இல்லை. மூக்கிலிருந்து வால் வரைக்கும் நீளமாக ஓர் அலுமினியக் குழாய், அதுதான் முதுகெலும்பு. அதன் முன்நுனியில் எஞ்சின், அதற்குக் கீழே நாமிருவரும் தோளோடு தோள் உரசி உட்காருகிற இடம், தலைக்கு மேலே இறக்கை. அந்த இறக்கையைத் தொட்டுப் பார்த்தேன் ஐயா, துணி! பாய்மரப் படகுக்குப் போடுகிற டாக்ரான் துணி. முன்விளிம்பில் ஒரு குழாய், பின்விளிம்பில் ஒரு குழாய், தைத்த துணி உறையை அதன் மேல் இழுத்து மாட்டி, வளைத்த மெல்லிய அலுமினியக் கம்பிகளை உறையின் பைகளுக்குள் ஒவ்வொன்றாகச் செருகினால், தட்டையாகக் கிடந்த துணி அப்படியே புடைத்து இறக்கையாகிவிடுகிறது. விரலால் சுண்டினேன், தவில் தோலைத் தட்டின மாதிரி 'டம்' என்றது. தையல் ஓடும் வரிசையைக்கூட எண்ணலாம், போல்ட்டின் தலையைத் தடவலாம், கட்டுப்பாட்டுக் கம்பி எங்கே புறப்பட்டு எங்கே போய் வாலை அசைக்கிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். பிரெஞ்சுக்காரர்கள் வரைந்த வடிவம் இது, பெங்களூரில் ராஜ் ஹம்ஸா நிறுவனம் செய்து, பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறது. அங்கே ஆட்கள் வீட்டுக் கராஜில் வைத்துப் பூட்டிப் பறந்திருக்கிறார்கள்!

இந்த வகை விமானத்துக்குச் சட்டம் போட்டிருந்த வரம்பு 450 கிலோ. விமானம், இரண்டு ஆள், பெற்றோல், எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். அதை இறக்கையின் பரப்பால் வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் துணி கிட்டத்தட்ட 30 கிலோவைத்தான் சுமக்கிறது. அதனால்தான் மெதுவாகப் போனாலும் கீழே விழாமல் மிதக்கிறது, ஓடுதளத்தில் கொஞ்ச தூரம் ஓடினதுமே எழும்பிவிடுகிறது. பாரம் குறைந்தால் எஞ்சினும் சின்னதாகப் போதும், எஞ்சின் சின்னதானால் பாரம் இன்னும் குறையும். எத்தனை அழகான கணக்கு!

சரி, இப்போது ஏறுங்கள் என்னோடு. பெல்ட் மாட்டியாச்சு, காதில் ஹெட்போன், பக்கத்தில் ஓட்டுநர் தம்பி, சேலத்துப் பிள்ளை, "பயமா இருக்காண்ணே?" என்று கேட்கிறார், எனக்கு வாய் காதுவரைக்கும் சிரிக்கிறது. ரோட்டாக்ஸ் 582 எஞ்சின், இரண்டு சிலிண்டர், 64 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக்! உயிர் பிடித்ததும் எழுந்த அந்தப் புகை வாசம் இருக்கிறதே, பெற்றோலும் ஓயிலும் கலந்த வாசம், பதுளை பஸ் நிலையத்தில் ஒரு காலத்தில் நின்ற பழைய ஆட்டோக்களின் அதே வாசம், கண்ணை மூடினால் ஊரில் இருக்கிறேன், திறந்தால் ஓடுதளம் என்னை நோக்கிப் பாய்ந்து வருகிறது, சக்கரம் கடகடக்கிறது, இருக்கை குலுங்குகிறது, பல் ஆடுகிறது, திடீரென்று கடகடப்பு நின்றுபோகிறது, நின்றேபோகிறது, தரையை விட்டுவிட்டோம்! நான் கத்தினேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், வாய்விட்டுக் கத்தினேன், கண்ணிலும் தண்ணீர். பக்கவாட்டில் கதவு கிடையாது, காற்று நேரே வந்து கால்சட்டையைப் படபடவென்று அடிக்கிறது, முழங்காலுக்கு அந்தப் பக்கம் ஜக்கூர் ஏரி மின்னுகிறது, தம்பி குச்சியை ஓர் அங்குலம் சாய்க்கிறார், உலகமே ஒருபக்கமாகச் சரிகிறது, எனக்கோ அந்த ஏரி ஏரியாகவே தெரியவில்லை, நமுனுகுல உச்சியைச் சுற்றிக்கொண்டு ஸ்பிரிங்வெலிப் பக்கம் இறங்குகிறேன், தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலேயே புகுந்து தண்டவாளம் வளைந்து வருகிற அந்த வளையத்தை மேலேயிருந்து முழுசாகப் பார்க்கிறேன், ஒன்பது வளைவுப் பாலம், ஹப்புத்தளை விளிம்பு, வரிசை வரிசையாகத் தேயிலை, நடுவில் லயத்துத் தகரக் கூரைகள், கொழுந்துக்கூடையோடு நிமிர்ந்து பார்க்கிற அக்காமார், அவர்களுக்குக் கையசைக்கிறேன், பெங்களூர் வானத்தில் உட்கார்ந்துகொண்டு நிஜமாகவே கையசைத்தேன்!

இதெல்லாம் வெளிநாட்டார் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். நம் நாட்டிலேயே ஒரு மனிதர் இருந்தார், ரே விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் படித்த பொறியியலாளர், லேண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவர், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். மலைச்சரிவில் மண் கரைந்து போகாமலிருக்கக் கிளிரிசிடியாவை வரிசையாக நடச் சொன்னவரும் அவர்தான். அந்த மனிதர் தன் கையாலேயே இலகு விமானங்களை வடிவமைத்து, கட்டி, தானே ஏறி ஓட்டினார்! இன்னொன்றும் கேளுங்கள், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர் அவர். பாய்த்துணியில் காற்றைப் பிடிக்கத் தெரிந்த கைக்கு இறக்கைத் துணி அந்நியமாகவா இருக்கும்? 2010இல் காலமானார். அவரை ஒருமுறை பார்த்துக் கைகொடுக்கக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் எனக்குத் தீராது.

குறை இல்லையா என்று கேட்பீர்கள். சத்தம் கொஞ்சம் பலம்தான். வெயிலில் போட்டே வைத்தால் துணியும் நூலும் நைந்துபோகும், கொட்டகை வேண்டும். ஊவாவில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இதை வெளியே எடுக்கவே கூடாது. காலைக் காற்று அடங்கியிருக்கும்போது பறந்தால் போச்சு!

தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர்மாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பொலித்தீனில் பட்டம் கட்டிக்கொண்டு திரிகிற பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பிலும் இருக்கும். ரே விஜேவர்தனவின் கதையை அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், இந்த விமானத்தின் படத்தைக் காட்டுங்கள், குழாய் எது, துணி எது, போல்ட் எது என்று அந்தப் பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.